பக்கத்து ஃபோல்டர்

கல்லூரியில் ஜாவா படித்தபோது, அதற்கான மென்பொருளைச் சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

“ஒன் கம்ப்யூட்டரு 32 பிட்டா, 64 பிட்டா?” என்று கேட்டார் சென்டரை நடத்திய அக்கா.

தெரியாது என்று சொல்லக் கூச்சம். பெரிய எண்தானே உசத்தி என்று, “64” என்றேன்.

கீரப்பாளையத்தில் வீட்டிலிருந்த என் பழைய 32 பிட் கணினி அதை ஏற்கவே இல்லை. மறுநாள் லேப் தேர்வு. திரும்ப பஸ் ஏறிப்போய், எல்லோர் முன்னாலும் அக்காவைத் திட்டினேன்.

அவர் பென் டிரைவைத் திறந்து காட்டி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “நீ தயங்குனப்பவே ரெண்டையும் போட்டுட்டேன் தம்பி. பக்கத்து ஃபோல்டர பாக்கலியா?”

இப்போது கடலூரில் என் அலுவலகக் கணினி, தனக்கு எந்தப் பதிப்பு வேண்டுமென்று தானே கண்டுபிடித்துவிடுகிறது. என் பொய்யைக் கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்காதவர் அந்த அக்கா மட்டும்தான்.