சுடர்விழியின் ஐந்து மணி

மாலை ஐந்து ஆகப்போகிறது என்றால் சுடர்விழியை வேறு எந்த வேலைக்கும் கூப்பிட முடியாது. டீ ஆறினால் ஆறட்டும், போன் அடித்தால் அடிக்கட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கணினியில் ஒரே ஒரு வரியைத் தட்டிவிட்டு, மேசையில் கிடக்கும் தன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பாள். "வாய்க்காலில் உப்பு ஏறியுள்ளது, இன்ஜின் போட வேண்டாம்" என்றோ, "தண்ணீர் நன்று, இறைக்கலாம்" என்றோ செய்தி வந்து விழும். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும்.

சீர்காழியில் உழவர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனி ஒன்றின் மாடியறை அது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே அங்கே சுடர்விழி தலையில்தான். கடல் ஏறுகிற நாட்களில் உப்புத் தண்ணீர் வாய்க்கால் வரைக்கும் வந்துவிடும். மதகடியில் ஒரு கருவி அதை அளந்து லினக்ஸ் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் தினமும் ஐந்து மணிக்குத் தானாக எழுந்து ஊர் ஊராக உழவர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குக் க்ரான் என்று பெயர். பழைய சர்வரில் சொன்னபடி கேட்டது. புது சர்வருக்கு மாற்றியதிலிருந்து, ஐந்து மணியானால் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சுடர்விழி கையால் ஓட்டினால் ஓடுகிறது!

"நான் பக்கத்துல இருந்தா சமத்து. நகந்துட்டா கம்முனு உக்காந்துக்குது" என்று புலம்புவாள். சர்வரோடு பேசுவது அவள் பழக்கம். "என்ன தம்பி, இன்னைக்காவது எந்திரிப்பியா?" பக்கத்து மேசையில் கணக்குப் பார்க்கும் ரசியா பேகம் சிரிப்பார். "ஏம்மா, உன் வீட்டுக்காரர்கிட்டகூட இவ்வளவு கொஞ்சுவியா?" இப்போதைக்குக் கையால் ஓட்டுவோம், நாளைக்குச் சரிபண்ணுவோம் என்றுதான் அவள் நாளைக் கடத்தினாள். அந்த நாளை வந்தபாடில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காள் மகளுக்குக் காதுகுத்து. சொந்தக்காரக் கூட்டத்தில் சுடர்விழிக்கு ஐந்து மணி மறந்தே போய்விட்டது. செய்தி போகவில்லை. திருமுல்லைவாசல் பக்கத்து உழவர் துரைராசு, செய்தி வராததால் உப்பு இல்லை என்று நினைத்து இன்ஜினைப் போட்டுவிட்டார். நாற்றங்கால் வெளுத்துக் கருகிப் போயிற்று.

மனிதர் திட்டியிருந்தாலும் தேவலை. மாடியேறி வந்து, "மறுபடி நாத்து விட்டிருக்கேம்மா. இதுவும் போச்சுன்னா இந்தப் போகம் தரிசுதான். மெசேஜ் வருமா வராதா, அத மட்டும் சொல்லிடு" என்றார். சுடர்விழி நாற்காலியைவிட்டு எழுந்தாள். "வரும் சித்தப்பா" என்று சொல்லிவிட்டாள். அன்று வேறு எந்த வேலையையும் தொடவில்லை.

இத்தனை நாளும் அவ்வப்போது க்ரானின் நேரத்தை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. ஓடாதவனிடம் ஏன் ஓடவில்லை என்று முதலில் கேட்க வேண்டாமா? செய்தி தன் எண்ணுக்கு மட்டும் போகும்படி வைத்து, க்ரான் முனகுவதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதச் சொல்லி, நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டாள். கோப்பில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை.

சுடர்விழி ரசியாவின் பக்கம் திரும்பி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அக்கா, நான் வீட்டு ஆளு. மம்பட்டி எங்க கிடக்குதுன்னு எனக்குத் தெரியும். இந்தக் க்ரான் கூலிக்குப் புதுசா வந்த ஆளு. கொல்லப்பக்கம், மாட்டுக்கொட்டகை, கதவுக்குப் பின்னாடின்னு முழுசா சொன்னாத்தானே எடுக்கும்? சொல்லாம விட்டுட்டு, பாவம், அதப் போயித் திட்டிருக்கேன்!" நிரல் எந்தக் கோப்புறைக்குள் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். உழவர்களின் எண்களைத் திரும்பச் சேர்த்து, நேரத்தையும் ஐந்து மணிக்கே வைத்தாள்.

"எங்க, ஓட்டிக் காட்டு" என்றார் ரசியா.

"நான் ஓட்டுனா எப்பவுந்தான் ஓடும். நான் தொடாம ஓடணும்க்கா."

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் துரைராசு கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள். "இன்ஜின்கிட்டதான் நிக்கிறேன். போடட்டுமா, வேணாமா?"

"போனக் கட் பண்ணாம இருங்க சித்தப்பா. இப்ப வரும்."

பழகிய விரல்கள் விசைப்பலகைப் பக்கம் போயின. சட்டென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். திரையில் மணி ஐந்து. ஒன்றுமில்லை. பிறகு மேசையில் கைப்பேசி அதிர்ந்தது.

"வந்துருச்சும்மா!" ஸ்பீக்கரில் துரைராசு கத்தினார். "உப்பு ஏறியிருக்காம். நான் போடல. என் நாத்து பொழச்சுது."

ரசியா பேகம் ஆவி பறக்கும் டீயை நீட்டினார். சுடர்விழி கைகளை வெளியே எடுக்கவில்லை. கழுத்தை மட்டும் நீட்டி, அவர் கையிலிருந்த தம்ளரிலேயே ஒரு வாய் குடித்தாள்.