பல்லு சார் வண்டியின் முனகல்

பல் செட்டு செய்து கொடுப்பவருக்கு ஊரில் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பல்லு சார்தான். பொக்கை வாய்களையெல்லாம் சிரிக்கவும் கடிக்கவும் வைத்த மனுஷன், மனைவி போன பிறகு வீட்டில் வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும்தான். மகன் கடல் தாண்டிப் போய் அங்கேயே வேரூன்றிவிட்டான். காலையில் காரின் முன் சீட்டு நிறையப் பல் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு புறப்பட்டால், பல் டாக்டர்களிடமெல்லாம் கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவார். பேச்சுத்துணைக்கு அந்தப் பற்கள்தான். அவை என்னத்தைப் பேசும், பாவம்!

வண்டிக்கும் வயசாகிவிட்டது. பள்ளம் வந்தால் பின்னால் டொக்கென்று இடித்தது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தான். அதிர்வை அடக்குவதற்காகக் கம்பெனியிலேயே பின் அச்சில் ரப்பர் வைத்து முடுக்கியிருந்த இரும்புக் கட்டி, ரப்பர் இற்றுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது புதுசா கிடைக்கிறது கஷ்டம் சார். கழட்டிடறேன். இது இல்லாட்டியும் வண்டி ஓடும்."

துருப்பிடித்த போல்ட் லேசில் மசிகிற ஜாதியா? எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி நெம்பி, ஒருவழியாகக் கழற்றினான். கட்டி தொப்பென்று தரையில் விழுந்தது. இடியும் ஒழிந்தது.

மறுநாளே வேறு வம்பு. வேகம் எழுபதைத் தொட்டதும் பின்னாலிருந்து ம்ம்ம் என்று ஒரு முனகல் கிளம்பி மண்டையைக் குடைந்தது. மெக்கானிக்கைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனாரே, கப்சிப்! "ஒண்ணும் கேக்கலையே சார்" என்றான் அவன். அவனை இறக்கிவிட்டுத் திரும்பினால் மறுபடி முனகல். எத்தனை தடவை போனாலும் இதே கதைதான்.

தங்கை வந்திருந்தபோது அவளையும் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். அன்றைக்கும் சத்தம் வரவில்லை. அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"தனியா இருந்து இருந்து உங்களுக்கு இல்லாததெல்லாம் கேக்குதுண்ணா. முதல்ல வண்டி ஓட்டறதை நிறுத்துங்க."

அதோடு விட்டாளா? மகனுக்கும் போன் போட்டுவிட்டாள். "அப்பா, சாவியை அத்தைகிட்டக் கொடுத்துடுங்க" என்று அவன் அங்கிருந்தபடியே தீர்ப்பு சொல்லிவிட்டான். வண்டி போனால் வேலை போச்சு, நாலு மனுஷ முகம் பார்ப்பதும் போச்சு. அதைவிடப் பெரிய பயம், நமக்கு நிஜமாகவே மரை கழன்றுவிட்டதோ என்பது. தூக்கமே பிடிக்கவில்லை அவருக்கு.

கடைசியில் சாவியை மெக்கானிக்கிடமே நீட்டினார். "நீயே ஒரு நாள் வச்சு ஓட்டிப் பாரு தம்பி. அப்பவும் கேக்கலைன்னா தங்கச்சி சொல்றதுதான் சரி."

சாயங்காலம் பட்டறைக்குப் போனபோது, அவன் கையைத் துடைக்கக்கூட மறந்து ஓடிவந்தான்.

"இருக்கு சார்! என் காதால கேட்டேன்!"

பல்லு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் கை என்றும் பாராமல் பிடித்துக்கொண்டார்.

"தனியா ஓட்டினா மட்டும்தான் சார் வருது. பின்னாடி ஒரு ஆள் உட்கார்ந்துட்டா வண்டி கொஞ்சம் அமுங்கி, அச்சோட சாய்மானம் மாறி, சத்தம் அடங்கிடுது. இது தெரியாம நான் கூடவே உட்கார்ந்து தேடிக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! அந்தக் கட்டிக்கு வேற ரப்பர் போட்டு மாட்டிடறேன், சரியாயிடும்."

அதற்குமேல் அவர் எங்கே கேட்டார்? பட்டறை வாசலிலேயே நின்று தங்கைக்குப் போன் போட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா! மெக்கானிக்கும் கேட்டுட்டான்! சத்தம் நெஜம்தான்!" சின்னப் பிள்ளை மாதிரி துள்ளியது குரல்.

தங்கைக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்டாள்: "அப்ப அன்னிக்கு நான் வந்தப்ப மட்டும் ஏண்ணா வரலை?"

மெக்கானிக் சொன்னதை அப்படியே ஒப்பிக்கத்தான் வாயைத் திறந்தார். அச்சு, சாய்மானம் எதுவும் வரவில்லை.

"நீ இருந்தேல்ல, அதனாலதாம்மா" என்றார்.