மெலிஞ்சி எபிசனும் மணிச் சின்னமும்

முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் எபிசன்தான் கோயில் மெலிஞ்சி. மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பூசைக்கு முன்னால் பீடத்தில் ஏறிப் படுத்திருக்கும் பூனையை விரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. வள்ளத்தில் போகிற வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் வள்ளம் கொஞ்சம் ஆடினாலே தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். "இவன் மீனுக்குத் தீனி போடத்தான் வாறான்" என்று அண்ணன்மார் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஆடாத இடமாகப் பார்த்து எபிசன் கோயிலுக்குள் வந்து சேர்ந்தார்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் பிரசங்கத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கோயில் யாருக்கும் ஓட்டு கேக்காது. ஆத்துமாவை நாங்க பாத்துக்கிடுதோம், ரோட்டை அரசாங்கம் பாக்கட்டும். இடம் மாறினா நான் தார் ஊத்தணும், தாசில்தார் பாவசங்கீர்த்தனம் கேக்கணும்." எபிசனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வார்டில் இரண்டே பேர் போட்டி. கோயில் கமிட்டியில் இருக்கும் ஜெஃப்ரினுக்குச் சீப்புச் சின்னம் கிடைத்தது. மேட்டுத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தாணுலிங்கத்துக்கு மணி. தாணுலிங்கம் அய்யாவழிக்காரர், நெற்றியில் நாமம் இல்லாமல் கடை திறக்கமாட்டார். அன்று சாயங்காலம் அவர் கோயில் முக்கில் மைக்கைப் பிடித்து, "உங்கள் சின்னம்..." என்று இழுக்கவும், திரிகால செபத்துக்கு எபிசன் கயிற்றை இழுக்கவும் சரியாக இருந்தது.

டாங்!

சனம் கைதட்டியது. மறுநாளிலிருந்து தாணுலிங்கம் மணி அடிக்கும் நேரம் பார்த்தே பிரச்சாரத்துக்கு வந்தார்.

ஜெஃப்ரின் புகார் கொடுத்தார். தேர்தல் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார்.

"வழிபாட்டுத் தலத்துல வேட்பாளரோட சின்னம் தொங்குது. மூடி வைக்கணும்."

"சார், இது சின்னம் இல்ல, மணி" என்றார் எபிசன்.

"மணிதானே சின்னம்?"

சாமியார் முன்னால் வந்தார். "அடிச்சா தாணுலிங்கத்துக்கு ஓட்டு கேட்ட மாதிரி. நிறுத்தினா ஜெஃப்ரினுக்கு ஓட்டு கேட்ட மாதிரி. நாங்க என்னதான் சார் செய்யணும்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிப் புத்தகத்தில் இதற்கு வழி இல்லை போலிருக்கிறது. "ஓட்டு முடியிற வரைக்கும் வேண்டாமே, ஃபாதர்" என்று கெஞ்சுகிற குரலில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்தக் குரலுக்காகவே சாமியாரும் தலையாட்டினார்.

மணி கோணிச்சாக்குக்குள் போனது. எபிசன் வீடு வீடாகப் போய், "செபத்துக்கு நேரமாச்சு" என்று கூப்பிட்டார். வீடு வீடாகப் போவதும் பிரச்சாரம்தான் என்று ஜெஃப்ரினுடைய ஆட்கள் அதையும் வீடியோ எடுத்தார்கள்.

"இதுக்குக் கடலே பரவாயில்ல" என்றார் எபிசன், மனைவி ஜாஸ்மியிடம்.

"அப்போ நாளைக்கு வள்ளத்துல போறியளா?"

எபிசன் பேச்சை மாற்றினார்.

ஓட்டுக்கு முந்தின நாள், வலை கட்டுகிற மதலேனம்மாள் கண்ணை மூடினார். மழை பெய்தாலும் முதல் மணிக்கே கோயிலில் வந்து நிற்கிற மனுஷி. மகள் அழுதபடி ஓடிவந்தாள். "எங்க அம்மைக்கு மணி அடிக்கமாட்டியளா, அண்ணா?"

எபிசன் சாமியாரைப் பார்த்தார்.

"அடியும்" என்றார் சாமியார். "ஜீப்பு வந்தா நான் பேசிக்கிடுதேன்."

சாக்கை உருவி எறிந்துவிட்டு எபிசன் கயிற்றைப் பிடித்தார். விட்டு விட்டுத் துக்க மணி ஊர் முழுக்கக் கேட்டது.

ஆனால் வந்தது ஜீப் அல்ல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாணுலிங்கம் ஓடிவந்தார். "ஏ மக்கா, நிறுத்துடே! நாளைக்கு ஓட்டு. எனக்க சின்னத்துக்கே சாவு மணி அடிக்கியே!"

பின்னாலேயே ஜெஃப்ரின். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நீரு நல்லா இழுத்து அடியும்! விதி கெடக்கட்டும்!"

எபிசனுக்குக் கோபம் வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. "இது உமக்கும் இல்ல, இவருக்கும் இல்ல. மதலேனம்மைக்கு. ரெண்டு பேரும் செருப்பக் கழத்திட்டு உள்ள போய் செபம் பண்ணுங்க. இல்லன்னா வீட்டுக்குப் போங்க!"

இருவரும் உள்ளே போனார்கள். ஜெஃப்ரின் முட்டுப் போட்டார். எப்படி இருப்பதென்று தெரியாமல் தாணுலிங்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மதலேனம்மாள் அவர் கடையில்தான் வெற்றிலை வாங்குவார். பாதிச் செபத்தில் தாணுலிங்கம் நாமம் கலைய முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அடக்கம் முடிந்து, காலில் ஒட்டிய மண்ணோடு ஊர் அப்படியே ஓட்டுப் போடப் போனது. சொற்ப வித்தியாசத்தில் தாணுலிங்கம் ஜெயித்தார். மணியால் ஜெயித்தாரா, அழுததால் ஜெயித்தாரா என்று மீன் சந்தையில் வெகுநாள் சண்டை நடந்தது.

எபிசனின் ஓட்டு இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. கயிறு இழுத்துக் கொப்புளம் போட்ட கையிலிருந்து வழுக்கி, முத்திரை ஓட்டுச் சீட்டில் சரியாகச் சீப்புக்கும் மணிக்கும் நடுக்கோட்டில் விழுந்துவிட்டது. அதை ஜாஸ்மியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது.