கறி எலும்பும் தளர்வு ஊசியும்

அன்று காலையிலிருந்து அது எனக்கு ஆறாவது கேஸ். மயக்க டாக்டருக்கு உட்கார நேரமில்லாத நாள். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர். தொண்டையில் கறி எலும்பு சிக்கியிருந்தது. "வூட்டுல யாருக்காச்சும் ஆபரேஷன்ல மயக்கம் தெளிய லேட்டாச்சுங்களா?" என்று வழக்கம்போலக் கேட்டேன். கணவர் முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றார்.

எல்லாம் ஒரே ஊசி என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். தூங்க வைப்பது ஒன்று, தசையைத் தளர்த்துவது வேறொன்று. தளர்த்தினால்தான் தொண்டை இறுகாமல் குழாய் இறங்கும். அப்போது கை அசையாது, கண் திறக்காது, மூச்சும் இழுக்காது. நாங்கள்தான் பையை அமுக்கி மூச்சுக் கொடுப்போம். ஆனால் அந்த ஊசி தூக்கம் தராது. சில நிமிடங்களில் விட்டுவிடும் தளர்வு ஊசியைத்தான் போட்டேன்.

பத்து நிமிடத்தில் எலும்பு வெளியே வந்துவிட்டது. உடனே மயக்க வாயுவை நிறுத்தினேன். மூச்சு திரும்பியபின் நிறுத்தியிருக்க வேண்டும், அவசரப்பட்டேன். மூச்சு வரவில்லை. பையை அமுக்கியபடி கால் மணி நேரம் நின்றேன். கால் வலியும் எரிச்சலுமாக இருந்தது. அப்போதுதான் அவருடைய நாடி படபடவென ஏறியது. மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்தது.

தூக்கம் கலைந்து, உடம்பு மட்டும் அசையாமல் கிடக்கிறாரோ? உடனே தூக்க மருந்தைத் திரும்பக் கொடுத்து, மூச்சு இயந்திரத்தில் இணைத்தேன். நர்ஸைப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு, கணவரை வாசலுக்குக் கூப்பிட்டு மறுபடி கேட்டேன்.

"இவ அண்ணனுக்கும் இப்டித்தான் ஆச்சுங்க. சொன்னா சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிடுவீங்கன்னு..." என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தத் தளர்வு மருந்து சீக்கிரம் கரையாத உடம்பு சில குடும்பங்களில் உண்டு. திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு!

நாலு மணி நேரம் கழித்து மூச்சு திரும்பியது. அதுவரை மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டது. அந்தக் கால் மணி நேரம் அவர் விழித்திருந்தாரா என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வார்டுக்குப் போக மனசே வரவில்லை. போனேன். அந்த அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "ஆபரேஷன் நடுவுல ஏதாச்சும் ஞாபகம் இருக்குங்களா?"

டம்ளரைக் கீழே வைத்தார்.

"'இந்தம்மாவோட ரோதனையா போச்சு, இன்னிக்கு வூட்டுக்குப் போன மாதிரிதான்'னு சொன்னீங்களே மேடம்," என்றார். "என்னால ரொம்ப லேட்டாயிடுச்சுங்களா?"