கிடர்பூர் மடக்குக்கத்தி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என் கணவருக்கு வங்காளத்துத் துறைமுகத்துக்கு மாற்றலாகி நாங்கள் பெஹாலாவில் குடியேறிய புதிதில், கிடர்பூர் நடைபாதையில் ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன். மரப்பிடி, ஒரே அலகு, பேரம் பேசவே கூச்சமான விலை. அது எப்போதும் என் கைப்பையில் இருப்பதைப் பார்த்துக் கணவர் என்னை "தாதா" என்று கூப்பிட்டார். ரௌடி என்கிற தமிழ் தாதாவா, அண்ணன் என்கிற வங்காள தாதாவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு துர்கா பூஜைக்கு ஜெர்மனியிலிருந்து என் கொழுந்தனும் மனைவியும் வந்தார்கள். கொழுந்தனிடமும் சிவப்பாக ஒன்று இருந்தது. அதைக் கத்தி என்றால் கோபித்துக்கொள்வார், அது 'டூல்'. கத்தரி, ரம்பம், பூதக்கண்ணாடி, பல்குத்தி எல்லாம் அதற்குள் குடித்தனம் செய்தன. என்னுடையதைப் பார்த்து, "அண்ணி, இது வெண்ணெயாவது வெட்டுமா?" என்றார். வீட்டில் வெண்ணெய் இல்லாததால் நிரூபிக்க முடியவில்லை.

அன்று மாலை பந்தல் பார்க்கக் கிளம்பினோம். ஓரகத்தியும் நானும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில். அண்ணன் தம்பி பின்னால் இன்னொன்றில். தூறலுக்காக அவள் பட்டு முந்தானையைத் தலையோடு கழுத்தையும் சுற்றிப் போர்த்தியிருந்தாள். தொங்கிய நுனியைச் சக்கரம் பிடித்துக்கொண்டது. ஒரே இழுப்பில் அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். கழுத்து இறுகி, குரல் வரவில்லை.

ரிக்‌ஷாக்காரர் பிரேக் போட்டு, "தீதி, நோர்பென் நா!" என்று கத்தினார். அசையாதே என்கிறார், அசைய வழியிருந்தால்தானே!

கொழுந்தன் ஓடி வந்து டூலை எடுத்தார். முதலில் பூதக்கண்ணாடி வந்தது. அடுத்து பல்குத்தி. பிறகு ஒயின் பாட்டில் திறக்கும் திருகாணி.

"ஒரு நிமிஷம் அண்ணி, கத்தரி இந்தப் பக்கம்தான்..."

"தள்ளுங்க தம்பி!"

கைப்பையைத் திறந்தேன். என் கத்தியில் தேட எதுவும் இல்லை. கழுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே விறைத்திருந்த பட்டை ஒரே இழுவையில் அறுத்தேன். அவள் என் மடியில் விழுந்து இருமினாள். அந்த இருமலைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு வந்தது. கொழுந்தன் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார்.

வீட்டுக்கு வந்து சூடாகப் பால் குடித்ததும் ஓரகத்திக்குக் குரல் திரும்பியது.

"அக்கா, கொஞ்சம் கீழே தள்ளி வெட்டியிருந்தா ஜரிகை தப்பிச்சிருக்குமே?"

அடுத்த முறை இருவரும் ஜெர்மனியிலிருந்து வந்தபோது அவள் சுடிதாரில் வந்தாள். கொழுந்தனின் டூல், ஸ்பிரிங் உடைந்து கம்பெனிக்கே போயிருந்ததாம். ரிப்பேர் செய்ய வேறு யாருக்கும் தெரியாதாம். என் கத்தியைத் தெருவில் வரும் சாணைக்காரர் டீ ஆறுவதற்குள் தீட்டிக் கொடுத்துவிடுவார். ஊர் திரும்பும்போது கொழுந்தன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணி, கிடர்பூர் எந்த பஸ்?"