தண்ணீரில் எடுத்த அளவு

இலவம்பஞ்சு வியாபாரிக்கு எதைக் கண்டாலும் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். நான் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்த பஞ்சுத் திண்டை என் கணவர் போடிக் கடையில் எடை போட்டு, அந்தக் கணக்கை மதுரை டாக்டரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னார். டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றினார். எடை வேண்டாம், எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதுதான் வேண்டும் என்றார்.

எண்பதுகளில் நடந்தது இது. புற்றுநோய் வந்து என் இடது மார்பை எடுத்த அதே டாக்டர், இப்போது அதைத் திரும்ப உண்டாக்க வழியிருக்கிறது என்றார். முதுகுச் சதையைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே ஒரு சிலிக்கோன் பை வைப்பார்களாம். பை பம்பாயிலிருந்து வர வேண்டும். வலது பக்கம் எத்தனை மில்லி என்று தெரிந்தால்தான் இரண்டும் ஒத்துப்போகும். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் மார்பை அமிழ்த்தி, வழிகிற தண்ணீரை அளக்க வேண்டும், அவ்வளவுதான். டாக்டருக்குப் படிக்கிற பையன்கள் சுற்றி நிற்கும் அறையிலா? வீட்டிலேயே அளந்து போனில் சொல்கிறேன் என்றேன். திரும்பத் திரும்ப ஒரே அளவு வர வேண்டும் என்றார். கூடவே, வீட்டுக்காரர் சரி என்று சொல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு யாருடையது?

பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழம்புச் சட்டி சரிப்படுமா, தூக்குவாளி சரிப்படுமா என்று மனசுக்குள் அடுப்படியையே கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் ஆண்டிபட்டிக் கணவாயில்தான் வாயைத் திறந்தார்.

"எனக்கு நீ இப்பிடி இருக்கிறதுல ஒரு கொறையும் தெரியல. அன்னைக்கி உன்னைய உள்ள கொண்டு போனப்ப நான் பட்டது போதும். இன்னொருக்கா என்னால ஆகாது."

"உங்களுக்காக இல்லங்க," என்றேன். "குளிக்கிறப்பக் குனிஞ்சு பாக்குறது நானு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேனி வந்தது, போடி வந்தது.

மறுநாள் காலையில் என் நாத்தனார், அவருடைய தங்கை, கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்தாள். அளக்க அவள் கொண்டுவந்தது குழந்தையின் பால் பாட்டில். அதில்தான் மில்லிக் கோடு இருந்தது. அடுப்படிக் கதவைத் தாழிட்டோம். முக்காலி மேல் தாம்பாளம், தாம்பாளத்தில் தளும்பத் தளும்ப ஒரு எவர்சில்வர் சட்டி. நான் முழங்காலிட்டுக் குனிந்தேன். தண்ணீர் ஐஸாகச் சில்லிட்டது. எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. பாதித் தண்ணீர் தரைக்குப் போனது.

"மதினி, மானத்த வாங்காதீக. சிரிக்காமக் குனிங்க," என்று அதட்டினாள். அதட்டிய வாய் மூடுவதற்குள் அவளும் சிரித்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான். அடுப்படி குளமாகிவிட்டது. துடைத்துவிட்டு, வெந்நீர் கலந்து, முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு குனிந்தேன். தாம்பாளத்தில் வழிந்ததை அவள் இரண்டு தடவையாகப் பாட்டிலில் ஊற்றி அளந்தாள். இருநூற்று எண்பது. மறுபடியும் இருநூற்று எண்பது. எத்தனை தடவை குனிந்தாலும் அதேதான். எனக்கு ஆடலாம் போலிருந்தது. அண்ணன் சம்மதிக்கவில்லையே என்று அவள்தான் மெதுவாகச் சொன்னாள். அந்தப் பேச்சை எடுக்காதே என்று ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் கடைக்குக் கிளம்பினேன்.

கடையில்தான் போன். மதுரைக்குப் பதிந்த டிரங்க்கால் கிடைத்ததும் அளவைச் சொன்னேன். லைனில் இரைச்சல், டாக்டருக்குக் கேட்கவில்லை. கத்தினேன். அப்போதும் கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் கொடுங்கள் என்றார். ரிசீவரை நீட்டினேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் அதையே பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, எழுந்து வாங்கினார்.

"எரநூத்தி எம்பது, டாக்டர்," என்று கத்தினார். மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்தார்கள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். இவர் கண்ணை மூடிக்கொண்டு, கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி இன்னும் பலமாகச் சொன்னார்:

"பயமாத்தான் இருக்கு, டாக்டர். இருந்தா என்ன, அவ கேக்குறா. செஞ்சு விடுங்க."