நிற்கிற காருக்கு எண்ணெய்

தென்காசியில் சாஜிதாவின் தெருவில், வெளிநாட்டுக்குப் போகாத ஆண்பிள்ளை இருக்கிற வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். எல்லா வீட்டிலும் அக்கரைப் பெட்டியும் போர்வையும் அத்தரும் இருக்கும். சாஜிதாவின் வீட்டில் அவற்றோடு ஒரு காரும் இருந்தது. சின்ன வெள்ளைக் கார். அதை ஓட்டத் தெரிந்த ஒரே மனிதரான அவள் கணவர் மசூது, சவூதியில் தம்மாமில் கொல்லத்துக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். கார் வீட்டுப் பக்கத்துச் சந்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் லீவில் வரும்போது இரண்டு மாதம் ஓடும். மற்ற நாளெல்லாம் பூனை குட்டி போடுகிற இடம்.

அந்தக் காருக்கு வருடம் தவறாமல் வைகாசியில் ஆயில் மாற்றிவிடுவாள் சாஜிதா. இலஞ்சிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வேல்ராஜ் வந்து பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிப் போவார். மாமியார் இருந்தவரைக்கும் அன்றைக்கு வீட்டில் ஒரு கச்சேரி உண்டு.

"ஊர்ல எல்லாரும் ஓடுத காருக்கு ஆயில் மாத்துதாவ. எம் மருமவ நிக்குத காருக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுதா."

சாஜிதா எதிர்ப்பேச்சுப் பேசமாட்டாள். பட்டவளுக்குத்தானே தெரியும்.

பட்டது இப்படி. மசூது லீவு கேட்டால் சாரல் காலத்தில்தான் கேட்பார். என்ன பாடுபட்டாவது ஆனியில் வந்து இறங்கிவிடுவார். வந்த மறுநாளே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடவேண்டும். கார் வாங்கி இரண்டாவது லீவில் அப்படிக் கிளம்பியவர்கள் இலஞ்சியைத் தாண்டவில்லை. ஸ்டீரிங்குக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜினுக்குள் உலக்கை போட்டு இடிக்கிற மாதிரிச் சத்தம். வண்டி நின்றேவிட்டது. வேல்ராஜ் அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றினால் எண்ணெய் ஒழுகவில்லை, கருப்பட்டிப் பாகு மாதிரி இறங்கியது.

"ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சு அண்ணாச்சி?"

"வண்டி ஓடவே இல்லையே வேல்ராஜு. ஓடாத வண்டில எண்ண எப்படிக் கெடும்?"

"நின்னாலும் கெடும் அண்ணாச்சி."

பின்சீட்டிலிருந்து சாஜிதா, "நான் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம சாவியத் திருப்பி, அஞ்சு நிமிசம் இன்ஜின ஓடவிட்டுத்தான அணைக்கேன்" என்றாள். தான் செய்த ஒரே நல்ல காரியத்தைச் சொல்கிற பெருமை அவளுக்கு.

வேல்ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதுலதாங்க்கா மோசம் போயிருக்கு. நல்லா சூடேறுததுக்கு முன்னாலயே அணச்சா உள்ள ஈரம் தங்கி எண்ணயக் கெடுத்துரும். அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடணும், இல்ல ஒரு வருசம் திரும்பணும். எது முந்துதோ அப்ப மாத்திரணும்."

அந்த லீவு முழுக்கக் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மதுரையிலிருந்து சாமான் வரவேண்டும் என்றார்கள். வந்ததும் இன்னொரு சாமான் என்றார்கள். அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்க, மசூது தினமும் ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றார். கார் சரியாகி வந்த வாரம் அவருக்கு விமானம். சாஜிதா அன்றைக்கு அழுதது காருக்காக இல்லை. இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கிடைத்த இரண்டு மாதம் அல்லவா அது! இனி ஒரு லீவும் இப்படிப் பாழாகவிடுவதில்லை என்று அன்றைக்கு மனதில் முடிந்துகொண்டதுதான் இந்த வைகாசி எண்ணெய்.

பிறகு வந்த லீவுகளை நினைத்தால் இப்போதும் அவளுக்கு மனசு நனையும். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு அப்படியே காருக்குள் ஏறுவார்கள். மகள் ஆசியாவின் மடியில் ரம்புட்டான் பழப் பொட்டலம். கண்ணாடியை இறக்கிவிட்டால் சாரல் முகத்தில் அடிக்கும். மசூது ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை யாரும் பார்க்காதபடி அவள் கை மேல் வைப்பார். அவர் விமானம் ஏறிய பிறகும் அந்தச் சீட்டில் ஈரத் துண்டின் வாசனை பல நாள் இருக்கும். சாஜிதா கதவைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பாள். கேட்டால் தூசி தட்டுகிறேன் என்பாள்.

போன கார்த்திகையில் மசூது, "போதும்ளா, இனிப் போகல" என்று ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். சாஜிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் இரண்டு மாதம் முடிந்ததும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருடைய உடம்பு பழகிய லீவு அவ்வளவுதான். பங்குனி வெயிலில் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு, "நம்மூர்ல இப்படியுமா வெயில் அடிக்கும்?" என்றார்.

"முப்பது வருசமா அடிக்கத்தான் செய்யுது. நீங்கதான் பாத்ததில்ல" என்றாள் சாஜிதா.

எந்நேரமும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த ஆசியா வீட்டுக்கு வாரத்தில் பாதி நாள். சாஜிதாவுக்குக் கண் பார்க்கத் திருநெல்வேலி. அதோடு, தெருவில் எந்தப் பையன் பயணம் கிளம்பினாலும் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டுவிடுகிறேன் என்று முதல் ஆளாகச் சாவியை எடுத்தார். சாஜிதாவுக்கு அங்கேதான் உறுத்தியது. இவருடைய மனசு அந்த வாசலிலேயே நிற்கிறதோ?

ஒருநாள் பழைய முதலாளி போனில் கூப்பிட்டார். ஒரு வருடம் மட்டும் வந்து கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்பது அடுப்படியில் நின்ற சாஜிதாவுக்கு விளங்கிவிட்டது. மசூது மலையாளத்தில், "ஆலோசிச்சிட்டுப் பறயாம்" என்றார். யோசித்துச் சொல்கிறாராம்! அதைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

வைகாசி பிறந்ததும் வழக்கம்போல வேல்ராஜுக்குப் போன் போட்டாள்.

"எப்பம் வாரிய வேல்ராஜு, ஆயில் மாத்த?"

"என்னக்கா, அண்ணாச்சி போன மாசமே கொண்டாந்து மாத்திட்டுப் போய்ட்டாவளே. சொல்லலயா?"

திரும்பப் போகிறவர் காரை விற்றுவிடத்தான் இப்படித் தயார் செய்கிறாரோ? "வருசம் ஆவலயே. விக்கப் போறேன்னு எதும் சொன்னாவளா?"

"விக்கதா! மீட்டரப் பாத்தேன், அஞ்சாயிரம் தாண்டிட்டு. இத்தன வருசத்துல முத தடவையா இந்த வட்டம் கிலோமீட்டர் முந்திட்டுக்கா" என்றார் வேல்ராஜ். "எண்ண வடியுத வரைக்கும் இங்கனதான் உக்காந்திருந்தாவ. மொதலாளிக்குப் போனப் போட்டு, நான் வரல, வேற ஆளப் பாத்துக்கிடுங்கன்னு சொன்னாவ. மலையாளத்துலதான் சொன்னாவ. கேரளா எல்லைல பொறந்த செங்கோட்டைக்காரன் எனக்கு வெளங்காதா?"

சாஜிதா போனை வைத்தாள். சந்தோஷம் வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது. ஒரு மாதமாக வெந்து செத்தாளே! அஸர் தொழுகை முடிந்து மசூது உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றக்கூட அவள் விடவில்லை.

"வேல்ராஜுக்குத் தெரியுது, எனக்குத் தெரியாண்டாமா? மொதலாளிகிட்ட வரலன்னு சொன்னத எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன மச்சான்?"

மசூது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முப்பது வருடமாகப் போகிற தேதியை மட்டுமே அவளிடம் சொல்லிப் பழகிய மனிதர்.

"போறேன்னாத்தானளா சொல்லணும்" என்றார் மெதுவாக. "இருக்கேன்னு எப்படிச் சொல்ல?"